மலைப் பள்ளியின் பதிலும் வேண்டும்

அன்புள்ள தங்கைக்கு,

வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றிய ஆய்வில் சேரச் சொல்லி உங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், "எங்களுக்கென்ன பைத்தியமா?" என்று வகுப்பில் சிலர் கோபித்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். சேருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏனென்று விளக்குகிறேன்.

மனநலச் சிக்கல்களில் பாதி பதினான்கு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு அத்தகைய சிக்கல் இருப்பதாகக் கண்டது. அந்த வயதுப் பிள்ளைகள் பகலெல்லாம் இருப்பது பள்ளிக்கூடத்தில். உதவியும் அங்கே கிடைத்தால்தான் கைக்கெட்டும்.

ஆனால் எந்த உதவி பலிக்கும் என்பதைச் செய்து பார்த்துத்தான் அறிய முடியும். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்த 'சேஹர்' ஆய்வில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்தினார்கள். இன்னொரு பிரிவில் அதே பொறுப்பை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவில் இரண்டும் இல்லை. முதல் இரண்டு பிரிவுகளிலும் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனியாகப் பேச ஓர் ஆள் என்று எளிய ஏற்பாடுகள்தான். முடிவு 2018இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் மாற்றமே இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளைக் கொண்டு, மனதை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று 2022இல் தெரிந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி.

நாலந்தாவில் பலித்தது உங்கள் மலையூரான வடகவுஞ்சியில் பலிக்குமா? சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டால் வீடு சேர்வது எப்படி என்ற கவலை, வழியில் காட்டுமாடு நிற்குமோ என்ற பயம், பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை கேட்கும் கேலி, இவையெல்லாம் சமவெளிப் பள்ளியின் விடைத்தாளில் வராது. மண் பரிசோதனைக்குத் தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் மண் எடுத்தால் என்ன தெரியும்? நீங்கள் ஒதுங்கிவிட்டால் சமவெளிக்குப் பொருந்தியதே உங்களுக்கும் வந்து சேரும்.

படிவத்தைப் பார்த்துப் பயப்படாதே. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாயா, தூக்கம் கெட்டதா என்பது போலக் கேட்பார்கள். 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'அநேகமாகத் தினமும்' என்பது வரை நான்கு பதில்கள் இருக்கும். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். சரி, தப்பு கிடையாது. மார்க்கும் கிடையாது.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் கேள்வி கேட்பது உன் உரிமை. தலைமை ஆசிரியர் சம்மதித்தால் மட்டும் போதாது. பெற்றோரின் ஒப்புதலும் உன் சம்மதமும் தனித்தனியே வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். வேண்டாம் என்றோ, பாதியில் விலகுகிறேன் என்றோ சொன்னால் யாரும் உன்னைக் கடிந்துகொள்ளக் கூடாது.

பெயருக்குப் பதில் எண் போடுவார்கள். சின்னப் பள்ளிக்கு அது போதாது. 'ஒன்பதாம் வகுப்பு, பெண், பளியர்' என்று மூன்று விவரம் வெளியே போனாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் பள்ளிவாரியாக முடிவை வெளியிட மாட்டீர்களே என்று கேள். ஒரு பிள்ளையின் பதிலில் உயிராபத்து தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள், அன்றைக்கே யார் வந்து பார்ப்பார் என்று கேள். ஆய்வு முடிந்ததும் கண்டதை எங்களிடம் வந்து தமிழில் சொல்வீர்களா என்றும் கேள்.

இதற்கிடையில் யாருக்காவது மனசு தாங்கவில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல். இரவோ பகலோ, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரிடம் கொடு. ஆய்வுக் குழு நேரான பதில் தந்தால், கோபித்துக்கொண்ட அந்தத் தோழிகளையும் கூட்டிக்கொண்டு சேர். உள்ளதை உள்ளபடி எழுது. உனக்குப் பின்னால் அதே பெஞ்சில் உட்காரப் போகிறவர்களுக்கு அது உதவும்.

அன்புடன்,
அக்கா