கொலுவைச் சுருக்குதல்: முதுமையில் பண்டிகையும் இல்லமும்

நவராத்திரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே, சிட்னியின் மேற்குப் புறநகர்களிலுள்ள பல தமிழ் இல்லங்களில் கராஜின் மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கத் தொடங்கும். அவற்றை இறக்குபவர் பெரும்பாலும் அவ்வீட்டின் மூத்தவரே. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருப்பர். பேரக்குழந்தைகள் பள்ளியில் இருப்பர். மாலை வரை காத்திருக்க மனமின்றி, 75 வயதைக் கடந்த ஒருவர் அலுமினிய ஏணியில் மூன்றாம் படிவரை ஏறி, செய்தித்தாளில் சுற்றிய களிமண் பொம்மைகள் நிறைந்த பெட்டியை இரு கைகளாலும் பற்றியபடி இறங்குவார். ஏணியைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மூன்றாவது கை இல்லை.

ஆஸ்திரேலியாவில் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான காரணங்களுள் முதலிடம் பெறுவது கீழே விழுதலே. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தோருள் பலர் முன்புபோல் நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை. தனித்தோ துணைவருடனோ சொந்த வீட்டில் வாழ்ந்துவந்த ஒருவர், ஒரு பெட்டியின் பொருட்டு அவ்வாழ்வையே இழக்க நேரிடலாம். இதனை அறிந்த பிள்ளைகள், "இந்த வருடம் கொலு வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிடுவதும் இயல்பே. ஆனால் வைத்துவந்த கொலுவை நிறுத்தக் கூடாது என்னும் நம்பிக்கை தமிழகக் குடும்பங்கள் பலவற்றில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆகவே தாயார் வாதிடமாட்டார். மறுநாள் எல்லோரும் வெளியே சென்றபின் தாமே ஏணியை எடுப்பார். முழுமையாக நடத்துவது அல்லது முற்றிலும் கைவிடுவது என இரண்டே வழிகளை அவர்முன் வைப்பதால் நேரும் விளைவு இது. இவற்றுக்கு இடையே சுருக்குதல் என்னும் வழி ஒன்று உண்டு.

ஒரு படியும் ஒற்றைப்படையே

கொலுப் படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமைவது வழக்கம். ஒன்றும் ஒற்றைப்படை எண்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஊரில் தகரப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்துப் படி கட்டிய காலத்தில், அவ்வேலைக்கு வீட்டில் நான்கு பேர் இருந்தனர். இங்கே அவ்வேலை ஒருவர் தலையில் விழுகிறது. இடுப்பளவு உயரமுள்ள உறுதியான மேசை ஒன்றைச் சுவரோரம் இட்டு, அதன்மீது வேட்டி விரித்தால் ஒரு படிக் கொலு தயார். குனியவோ ஏறவோ தேவையில்லை. பிடித்துக்கொள்ள மேசை விளிம்பும், களைத்தால் அமர அருகில் கைப்பிடியுள்ள நாற்காலியும் இருப்பது நலம்.

எவற்றை வைப்பது என்பதே கடினமான வினா. நூறு பொம்மைகள் உள்ள வீட்டிலும் நடுநாயகமாக விளங்குவன சிலவே: கலசம், திருமணத்தின்போது சீராக வந்த மரப்பாச்சி இணை, அரிசியும் பருப்பும் பரப்பிய கடையின் முன் அமர்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும். இவை ஆண்டுதோறும் இடம்பெறட்டும். எஞ்சியவற்றை முறை வைத்து மாற்றலாம். ஓராண்டு தசாவதாரத் தொகுதி, அடுத்த ஆண்டு கல்யாணத் தொகுதி, அதற்கடுத்த ஆண்டு இசைக்குழு. இவ்வாறு செய்யும்போது பேரக்குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு கொலுவைக் காண்பர். ஒன்பது படிகளில் கண் ஓடிய வேகத்தில் கவனிக்கத் தவறிய பொம்மையை நின்று நோக்குவர். ஆண்டுக்கொரு புதிய பொம்மை வாங்கும் வழக்கமுடையோர் கனமான களிமண்ணுக்குப் பதிலாகக் காகிதக்கூழ் பொம்மையைத் தேர்ந்தெடுக்கலாம். ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி அனுப்பும்போது, மரப் பொருள்களையும் வைக்கோல் சுற்றிய பொதிகளையும் விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றில் பொம்மைக் கொலுவைவிடக் கும்பம் வைத்துச் சரஸ்வதி பூசை செய்வதே முதன்மையானது. நவராத்திரியின் உட்பொருளுக்குப் படிகளின் எண்ணிக்கை இன்றியமையாதது அன்று என்பதற்கு அவ்வீடுகளே சான்று.

விருந்தினரை ஒன்பது நாள்களும் எதிர்பார்த்து நாள்தோறும் சுண்டல் செய்வதைவிட, வசதியான ஒரு மாலையைக் குறிப்பிட்டு அழைப்பது இங்குள்ள வாழ்க்கைக்குப் பொருந்தும். ஊறவைத்து, கனமான பிரஷர் குக்கரைத் தூக்கி இறக்கிச் செய்யும் சுண்டலுக்கும், டப்பாவில் வரும் வெந்த கொண்டைக்கடலையைக் கழுவித் தாளித்த சுண்டலுக்கும் சுவையில் வேறுபாடு உண்டுதான். ஆனால் அது ஒரு மாலைப்பொழுதைக் கெடுக்கும் அளவுக்குப் பெரியதன்று. விருந்தினர் வரும் நாளில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் குவியும் காலணிகள்தாம் அன்று வீட்டிலுள்ள பெரிய தடை. கதவுக்கு ஒருபுறமாகத் தாழ்வான அடுக்கு ஒன்றை வைத்து, நடைவழியை வெறுமையாக விடவேண்டும்.

விளக்கும் வெளிச்சமும்

60 வயதுடையவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுடையவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. கொலுவின் அழகுக்காக அறை விளக்கை அணைத்துவிட்டு வண்ணச் சரவிளக்கை மட்டும் எரியவிடும்போது, இளையோருக்கு இனிதாகத் தெரியும் அறை மூத்தோருக்கு இருட்டாகவே இருக்கும். தரையில் ஓடும் மின்கம்பி அவர் கண்ணுக்குப் படாது. கம்பியைச் சுவரோரமாக ஒட்டி, அறை விளக்கையும் எரியவிடுவதே முறை. தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி அணிவோர் படியிறங்கும்போது கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே நோக்கும்போது படியின் விளிம்பு மங்கலாகத் தெரிவதை சிட்னியில் நடந்த ஆய்வுகளும் உறுதிசெய்துள்ளன.

எண்ணெய் விளக்கைத் தரையில் ஏற்றிக் குனிந்து வணங்கும்போது சேலைத் தலைப்பு சுடருக்கு மிக அருகே வருகிறது. பாலியெஸ்டர் துணி எரிகையில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகும். விளக்கை மணல் பரப்பிய தட்டில், மேசைமீது வைத்து, பருத்திச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகியபின் ஏற்றுவது நன்று. ஒன்பது நாளும் விளக்கு அணையாது காக்கும் வழக்கமுள்ளோர், இரவில் மட்டும் மின்கல விளக்கை மாற்றி வைக்கலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிறிய மின்கல அகல்களில் பெரும்பாலும் பொத்தான் வடிவ மின்கலம் இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் கடுமையாகச் சிதைந்துவிடலாம். மின்கல அறை திருகாணியால் மூடப்பட்ட விளக்குகளையே வாங்க வேண்டும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் 13 11 26 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை அழைக்க வேண்டும். அது இரவும் பகலும் இயங்குகிறது. குழந்தைக்கு மூச்சுத் திணறினால் 000.

கோலமிடுவதற்காக வாசலில் குந்தியிருந்து சட்டென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் ஏற்படுவதுண்டு. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கு இது மேலும் எளிதில் நேரும். அகலமான பலகையை மேசைமீது வைத்து அதிலே மாக்கோலமிட்டு, காய்ந்தபின் வாசலில் சாய்த்து வைக்கச் செய்யலாம். கைவண்ணம் அவருடையதாகவே இருக்கும். குனிவது மட்டும் வேறொருவருடையதாகும்.

ஏனைய பண்டிகைகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். கிறிஸ்தவ இல்லங்களில் கூரை விளிம்பில் நட்சத்திரம் தொங்கவிடுவதற்காகவே ஏணி எடுக்கப்படுகிறது. அதைச் சாளரத்தின் உட்புறம் தொங்கவிட்டாலும் தெருவுக்குத் தெரியும். பாலன் குடிலைத் தரையிலிருந்து மேசைக்கு உயர்த்தலாம். பொங்கலோ இந்நாட்டின் கடுங்கோடையில் வருகிறது. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் முற்றத்தில் விறகடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். அன்று சமையலறை அடுப்பில் சிறு பானையில் பொங்கினாலும் பொங்கல் பொங்கலே.

பொம்மைகளைப் பிரித்தளித்தல்

அலங்காரத்தைவிட ஆபத்தானது அதனைக் கலைக்கும் நாள். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தபின் வீடு வெறிச்சோடிவிடுகிறது. உதவிக்கு வந்தவர்களும் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். களைப்போடு பெட்டிகளை மீண்டும் மேலே ஏற்றுபவர் மூத்தவரே. ஆகவே, கலைக்கும் நாளுக்கும் முன்கூட்டியே துணை கேட்டு வைக்க வேண்டும். ஒரே கையால் தூக்கத்தக்க சிறு பெட்டிகளாகப் பிரித்து, உள்ளிருப்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, முழங்காலுக்கு மேலும் தோளுக்குக் கீழும் உள்ள தட்டில் வைத்தால், அடுத்த ஆண்டு ஏணியே தேவைப்படாது.

அந்த உயரத்தில் அடங்காதவற்றை என்செய்வது? பிள்ளைகள் இதனை இடப் பிரச்சினையாகக் காண்கின்றனர். பெற்றோருக்கு அது அவ்வாறன்று. 1970களில் மாமியார் கொடுத்த கிருஷ்ணரை வேண்டாத பொருள்களோடு சேர்த்து எடுத்துச் செல்லும் மகனுக்கு அதன் வரலாறு தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை. பொம்மைகளைக் குறைக்கும் பணி ஒரே வார இறுதியில் முடிக்கத்தக்கது அன்று. மூத்தவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, இளையவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அது யார் தந்தது, எந்த ஊரில் வாங்கியது என்பதைச் சிறு அட்டையில் எழுதி அதனோடு கட்டிவிட வேண்டும். காஞ்சிபுரமா, பண்ருட்டியா, மதுரையை அடுத்த விளாச்சேரியா என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். எது எவருக்கு என்பதை முடிவு செய்பவரும் அவரே. மகளுக்கு மரப்பாச்சி, வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் கிராமத் தொகுதி, அண்மையில் குடியேறி முதல் கொலு வைக்க விரும்பும் அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளையார் என்று கைமாறும் பொம்மை மறு ஆண்டும் ஓர் இல்லத்தில் கொலுவிருக்கும். கொடுத்தவர் அங்கே விருந்தினராகச் சென்று காண்பார். உடைந்து பழுதுபார்க்க இயலாத களிமண் பொம்மைகளை மறுசுழற்சிக்குரிய மஞ்சள் மூடித் தொட்டியில் இடலாகாது; காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மூடித் தொட்டியில் இட வேண்டும். தீர்ந்த மின்கலங்கள் எத்தொட்டியிலும் சேரக் கூடாது. அவை கழிவு வண்டியில் தீப்பற்றக்கூடியவை. பேரங்காடிகளிலுள்ள மின்கலச் சேகரிப்புப் பெட்டிகளில் இடத்தக்கவை.

கொலுவில் பழகிய இவ்வழக்கம் மெல்ல வீட்டின் பிற பகுதிகளுக்கும் செல்லும். மேல் அலமாரியிலுள்ள இட்லிப் பானை கீழே வரும். நாள்தோறும் துலக்கும் வெள்ளி விளக்குகள் நான்கு, ஒன்றாகும். எட்டாத உயரத்திலிருந்த சுவாமி படங்கள் அமர்ந்து வணங்கும் உயரத்திற்கு இறங்கும். குளியலறையில் மட்டும் பொருளை இடம் மாற்றுவது போதாது. தேங்காய் எண்ணெய் சிந்திய ஓட்டுத்தரையில் வழுக்காத விரிப்பும், சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடியும் தேவை. துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது.

உதவி கேட்கும்போது

கைப்பிடி பொருத்துதல், வீட்டைத் துப்புரவு செய்தல், தோட்டப் பராமரிப்பு போன்றவற்றுக்கு 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் மை ஏஜ்ட் கேர் எனப்படும் அரசுச் சேவையை 1800 200 422 என்ற எண்ணில் அணுகலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாக அந்த எண்ணுடன் இணைக்கச் சொல்லலாம். தேவையானது சிறு உதவியாயின் காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் திட்டமும், தொடர்ச்சியான கூடுதல் உதவியாயின் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சப்போர்ட் அட் ஹோம் திட்டமும் உள்ளன. எது பொருந்தும் என்பதை வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளர் கேட்டறிந்து முடிவு செய்வார்.

அந்தச் சந்திப்பில்தான் நம்மவர் பலர் தவறிவிடுகின்றனர். வருபவரை விருந்தினராகக் கருதி, வீட்டை ஒழுங்குபடுத்தி, நல்ல சேலை உடுத்து, தேநீரும் பலகாரமும் பரிமாறி, "எல்லாம் நானே செய்துகொள்கிறேன், ஒரு குறையும் இல்லை" என்று கூறி அனுப்புவர். மதிப்பீட்டாளரும் அவ்வாறே எழுதிச் செல்வார். முழங்கால் வலியால் இரண்டு நாள் குளிக்காமல் இருந்ததையும், சென்ற ஆண்டு கராஜில் தடுமாறியதையும், பாத்திரம் தூக்க அஞ்சி ரொட்டியோடு இரவுணவை முடித்துக்கொள்வதையும் அவர் அறிய வழியில்லை. நல்ல நாளை விடுத்து, உடல் மிகவும் ஒத்துழைக்காத நாளில் என்ன இயலும், என்ன இயலாது என்பதையே சொல்ல வேண்டும். முன்னரே அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும், உண்மையை எடுத்துரைக்கத் தயங்காத மகளையோ மருமகனையோ உடன் அமரச் செய்வதும் பயன் தரும். கராஜையும் குளியலறையையும் திறந்து காட்டிய பின்னரே தேநீர் கொடுக்கலாம்.