பார்க்கவா, ஆடவா? வார்கேமிங் கண்காட்சி மேசைகள்: ஆறு தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரிட்டனில் மினியேச்சர் வார்கேமிங்குக்கென்றே ஆண்டு முழுக்கக் கண்காட்சிகள் நடக்கின்றன. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய சிறு வீரர்களை மேசைமேல் நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் பொழுதுபோக்கு இது. சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் சங்கம் 1972-இல் தொடங்கிய 'சல்யூட்', நாட்டிங்ஹாம்ஷயரின் நியூவார்க்கில் நடக்கும் 'பார்ட்டிசான்', யார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கும் 'வாப்னார்டாக்' ஆகியவை பெயர்பெற்றவை. கடைகள் வரிசையாக இருக்கும். ஆனாலும் ஆட்கள் நின்று பார்ப்பது சங்கங்கள் போட்டிருக்கும் மேசைகளைத்தான்.

அந்த மேசைகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிப்பார்கள். கண்ணுக்கு விருந்தாகப் போர்க்களத்தை அமைத்துக் காட்டுவது காட்சி ஆட்டம். சங்கத்தினர் தங்களுக்குள் ஆடியபடியே பார்வையாளருக்கு விளக்கிச் சொல்வது செயல்விளக்க ஆட்டம். வந்தவரையே அழைத்து ஆடவிடுவது பங்கேற்பு ஆட்டம். இவற்றில் எது உசத்தி என்ற வாக்குவாதம் இந்த வட்டாரத்தில் ஓய்ந்ததே இல்லை. அதில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

நம்பிக்கை 1: காட்சி ஆட்டம் என்பது கைபடக் கூடாத பொம்மைக் கொலு

உண்மை: ஆடுவதற்கென்று செய்யாத மாதிரிகளும் உண்டுதான். அவற்றில் புகழ்பெற்றது வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி செய்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி. அவர் 1830-இல் லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் தங்கிப் போர்க்களத்தை அளந்தார். போரில் பிழைத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை எந்தப் படை எங்கே நின்றது, முன்னால் என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம் கேட்டு வாங்கினார். 1838-இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மாதிரியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். அதில் 70,000-க்கும் மேற்பட்ட வீரர்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம். இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மாதிரியில் போரின் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிலையாக நிற்கிறது. ஒரு வீரனைக்கூட நகர்த்த வழியில்லை.

கண்காட்சியில் காட்சி ஆட்டம் என்று போடுவது வேறு. அங்கே பல மேசைகளில் படைகள் நகரும், பகடை உருளும். 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதே வாட்டர்லூவை 28 மில்லிமீட்டர் வீரர்கள் 20,000 பேருக்கு மேல் நிறுத்தி ஆடினார்கள். முன்னாள் படைவீரர்களையும் சேர்த்துக்கொண்டு வாட்டர்லூவில் அகழாய்வு நடத்தும் 'வாட்டர்லூ அன்கவர்ட்' அறக்கட்டளைக்காக நடந்த ஆட்டம் அது. பார்ப்பவர் வாய்பிளக்கும் பிரமாண்டம்; ஆனாலும் யார் வெல்வார் என்று ஆடியவர்களுக்கே முன்கூட்டித் தெரியாத ஆட்டம்.

நம்பிக்கை 2: மேடும் பள்ளமும் வெறும் அலங்காரம், ஆட்டத்துக்குப் பச்சைத் துணி போதும்

உண்மை: வாட்டர்லூவையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையின் பெரும்பகுதியை முகட்டுக்குப் பின்சரிவில் நிறுத்தினார். எதிர்ப்பக்கம் இருந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நேராகச் சுட்ட குண்டுகளிலிருந்தும் அந்த மேடு ஓரளவு காப்பாற்றியது. துணியில் கோடு போட்டு இதுதான் முகடு என்று சொன்னால், இந்தச் சங்கதி முழுவதையும் விதிப்புத்தகம்தான் விளக்க வேண்டும். மேட்டை மேடாகவே செய்து வைத்தால் ஆடுபவர் குனிந்து, தன் பீரங்கிக்காரன் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். எதிரி தெரியவில்லை. எதற்காக அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அந்த நொடியில் புரிந்துவிடுகிறது.

நன்றாகச் செய்த தரையமைப்பு, விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை மிச்சப்படுத்துகிறது. ஒன்றும் தெரியாமல் வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆகவே அழகான மேசையால் அதிகம் பயனடைவது பங்கேற்பு ஆட்டம்தான்.

நம்பிக்கை 3: வீரர்கள் எண்ணிக்கை கூடக்கூடப் போர் உண்மைக்கு நெருங்கும்

உண்மை: கணக்குப் போட்டால் இது நிற்காது. 28 மில்லிமீட்டர் வீரன் ஏறத்தாழ 1:56 அளவு. அதே அளவில் 100 மீட்டர், அதாவது அக்கால மஸ்கட் துப்பாக்கி ஓரளவு பயன் தரும் தூரம், மேசையில் 1.8 மீட்டர் ஆகிவிடும். பெரும்பாலான மேசைகளின் முழு அகலமே அவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டர் போர்முனையை இதே அளவில் விரித்தால் 90 மீட்டர் நீள மேசை வேண்டும்.

அதனால் எவ்வளவு பெரிய மேசையானாலும் தரைக்கு ஓர் அளவு, வீரனுக்கு வேறு அளவு என்று சமரசம் செய்தே ஆக வேண்டும். ஒரு பொம்மை இருபது, முப்பது பேருக்கு நிற்கும். ஒரு வீடு ஓர் ஊருக்கு நிற்கும். இருபதாயிரம் வீரர்கள் நின்றாலும் சரி, இருநூறு பேர் நின்றாலும் சரி, ஒரு தளபதிக்கு எதிரே இருந்த சிக்கலும் நேர நெருக்கடியும் ஆடுபவருக்கும் வருகிறதா என்பதே உண்மைக்கு அளவுகோல்.

நம்பிக்கை 4: அழகாகவும் இருந்து ஆடவும் வசதியாக இருக்க முடியாது

உண்மை: முடியும், ஆனால் மேசையைத் திட்டமிடும்போதே அதை யோசித்திருக்க வேண்டும். முதலில் கை எட்ட வேண்டும். இருபுறமும் ஆள் நின்றால் ஆறடி அகலம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் நடுவில் உள்ள படையைத் தொட மேசைமேல் சாய வேண்டும், சட்டைக் கையில் மாட்டி மரங்கள் சரியும். அடுத்தது காடு. மரங்களைப் பசைபோட்டு நட்டுவிட்டால் படம் எடுக்க நன்றாக இருக்கும், படை உள்ளே நுழைய முடியாது. தேர்ந்தவர்கள் காட்டின் எல்லையைப் பழுப்பு நிறத் தரைவிரிப்பால் காட்டி, மரங்களை அதன்மேல் தனித்தனி அடித்தட்டுகளில் நிறுத்துவார்கள். படை வந்ததும் நாலு மரத்தை எடுத்து ஓரம் வைத்தால் ஆயிற்று. எல்லை மாறாது.

சரிவும் அப்படித்தான். இயற்கையான மலைபோல் செங்குத்தாகச் செதுக்கினால் வீரர்கள் வழுக்கி விழுவார்கள். மென்சரிவாகச் செய்து, வீரர்களின் அடியில் காந்தத் தகடு ஒட்டி, அவர்களை இரும்புத் தகடு பதித்த படைத்தட்டில் நிறுத்தி, தட்டின் ஓரத்தைத் தரையின் நிறத்திலேயே தீட்டினால் பார்வைக்கும் குறையில்லை, கைக்கும் சிரமமில்லை. ஈட்டிப் படையை ஒவ்வொருவராகத் தூக்கச் சொன்னால் விரலில் குத்தும், ஈட்டியும் வளையும். ஒரே தட்டில் எட்டுப் பேரை ஒட்டிவிட்டால் அடியைப் பிடித்துத் தள்ளலாம்.

நம்பிக்கை 5: எளிய மேசை மட்டமானது, பங்கேற்பு ஆட்டம் சிறுவர்களுக்கு

உண்மை: இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே இதை மறுக்கிறது. 1812-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லியத்துக்கு ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒரு போர் விளையாட்டு மேசையை அளித்தார். மலை, ஆறு, ஊர் எல்லாம் தீட்டிய சதுரத் துண்டுகளை வேண்டியபடி மாற்றி அடுக்கலாம். அரண்மனைக்குத் தகுந்த வேலைப்பாடு. அது அரண்மனையிலேயே இருந்தது. அவர் மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824-இல் அதையே 1:8000 அளவு வரைபடமும் சிறு உலோகக் கட்டைகளுமாகச் சுருக்கினார். ராணுவப் பொதுப்பணியகத் தலைவர் முஃப்லிங் அதை ஆடக் கண்டு, இது போர்ப் பயிற்சி என்று பாராட்டினார். பிறகு ராணுவத்துக்குள் பரவியது. ராணுவத்தை மாற்றியது பார்வைக்கு எளிதாக இருந்த அந்த ஆட்டம்தான்.

1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ், பொம்மைப் பீரங்கியில் மரத்துண்டைச் சுட்டு வீரர்களை வீழ்த்தும் சில பக்க விதிகளை வைத்து வளர்ந்த நண்பர்களோடு ஆடினார். 1990-இல் வந்த டி.பி.ஏ. விதிகளில் ஒவ்வொரு தரப்புக்கும் பன்னிரண்டே படைத்தட்டுகள். இரண்டடிச் சதுரப் பலகையில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பண்டைய போர் முடிந்துவிடும். அதை ஆழமற்றது என்று ஆடிப் பார்த்த யாரும் சொல்வதில்லை. அரைமணி நேரத்தில் புரிந்து, ஆடி, முடிவும் காணும்படி ஓர் ஆட்டத்தை வடிப்பது, நாற்பது பக்க விதி எழுதுவதைவிடக் கடினமான வேலை.

நம்பிக்கை 6: நல்ல மேசை தானே பேசும், ஆள் தேவையில்லை

உண்மை: எல்லாவற்றிலும் இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. மாதக்கணக்கில் உழைத்துப் போட்ட மேசையைச் சுற்றிச் சங்கத்தினர் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், பார்வையாளர் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். எந்தப் போர், எந்த ஆண்டு, சிவப்புச் சட்டைக்காரர்கள் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. இது காட்சி ஆட்டத்துக்கு மட்டும் உரிய குறையல்ல. பங்கேற்பு ஆட்டம் என்று பலகை வைத்துவிட்டு, நாற்காலிகளில் சங்கத்தினரே உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

நன்றாக நடத்துபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கிட்டே வந்து தயங்கி நிற்பவரிடம், “வாங்க, நீங்க பிரஷ்யர் பக்கம். அதோ அந்தக் கிராமத்தை ஆறு சுற்றுக்குள்ள பிடிக்கணும். இந்தாங்க பகடை” என்ற அளவில் தொடங்குகிறார். யார், என்ன நோக்கம், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் போதும். மீதி விதியை நடுவர் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். தேவை வரும்போது மட்டும் சொல்கிறார். காட்சி மேசைக்கும் இதே பண்பு வேண்டும்: எட்டத்திலிருந்தே படிக்கும்படி போரின் பெயரும் நாளும், எப்போதும் கூட்டத்தைப் பார்த்தபடி ஓர் ஆள், கேட்பதற்கு முன்பே ஒரு வணக்கம்.

மேசையை எதைக்கொண்டு அளப்பது?

காட்சியா ஆட்டமா என்ற வழக்கில் ஒரு பக்கம் சேர வேண்டிய அவசியமே இல்லை. நியூவார்க்கின் 'ஹேமர்ஹெட்' பங்கேற்பு ஆட்டங்களையே முதன்மையாகக் கொண்டது. 'பார்ட்டிசான்' கண்ணைக் கவரும் மேசைகளுக்குப் பேர்போனது. இரண்டும் வேண்டும். காட்சி ஒருவரை அருகே அழைக்கிறது. ஆட்டம் அவரை இருத்தி வைக்கிறது.

பரிசு கொடுக்கும் நடுவர்களுக்கும் மேசை போடும் சங்கங்களுக்கும் ஒரே கேள்வி போதும்: இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் இங்கே பத்து நிமிடம் நின்றால், அந்தப் போரைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ ஒன்றாவது தெரிந்துகொண்டு போவாரா? ஆம் என்றால் இருபதாயிரம் வீரர்கள் நிற்கும் மேசையும் சிறந்ததே, இரண்டடிப் பலகையும் சிறந்ததே. இல்லை என்றால், அடுத்த கண்காட்சிக்குப் புதிதாக ஒரு படைப்பிரிவுக்கு வண்ணம் தீட்டுவதற்கு முன்னால், வருபவரை வரவேற்கப்போவது யார் என்பதைச் சங்கம் முடிவு செய்யட்டும்.