ஏலத்தோட்ட வருமானமும் கனடா வரியும்

கேள்வி: சென்ற ஜூலையில் வேலைக்காக டொரன்டோ வந்தேன். வண்டன்மேட்டில் என் பெயரில் ஏலத்தோட்டம், குமுளியில் வாடகைக்கு விட்ட வீடு. கனடாவில் வரிக்கணக்கை நானே தாக்கல் செய்யலாமா?
- வாசகி, டொரன்டோ

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. முதலாளி தரும் டி4 சீட்டு, நீங்கள் கனடாவில் குடியேறிய தேதி, ஊர் வருமானக் கணக்கு மூன்றும் கையில் இருக்கட்டும். பாக்கி வரியைக் கட்ட ஏப்ரல் 30 கடைசி நாள்.

பலர் தடுமாறுவது ஏலத்தில்தான். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் மத்திய வருமான வரி இல்லை. அதனால் கனடாவிலும் சொல்ல வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். குடியேறிய நாள் முதல் உலகின் எந்த மூலையில் கிடைத்த வருமானமும் அங்கே கணக்கில் வரும். குமுளி வாடகைக்கு இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஏலத்துக்கு வரியே கட்டாததால் கழிக்க ஒன்றுமில்லை. எனவே உரம், கூலி, மருந்து, உலர்த்தும் செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நிகர லாபத்துக்குத்தான் வரி.

இந்தியப் பக்கம்: வேலைக்காக வெளியேறிய நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவாக இருந்ததால் நீங்கள் குடியிராதவர். கனடாச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. சேமிப்புக் கணக்கை உடனே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். இருக்கும் தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும்வரை பக்கத்துத் தோட்டம் விலைக்கு வந்தாலும் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்காது. ஊரில் யாரும் உங்களுக்காக முன்பணம் கொடுப்பதற்குள் இதைச் சொல்லிவிடுங்கள்.