நம்ம லயமும் தொல்லியலே



தொல்லியல்னா பழைய கோயிலைத் தோண்டுறதுதான்னு நானும் நினைத்திருந்தேன். அந்தத் துறையில் எலும்பு, தாவர எச்சம், கல்வெட்டு, கடலடி எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ‘வரலாற்றுக்காலத் தொல்லியல்’ அண்மை நூற்றாண்டுக் குடியிருப்புகளையும் ஆராயும். அப்படிப் பார்த்தால், கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், நம்ம தாத்தா பாட்டி வாழ்ந்த லயங்களும் சான்றுகளே.

கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013-இல் இடிக்கப்பட்டது. போனது போனதுதான்.

இந்த லீவில் பழைய லயத்தை அளந்து, படமெடுத்து, பெரியவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆனால் தோண்டாதீங்க! எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்தும் ஒரு பொருளின் காலத்தைக் கணிப்பார்கள்.

ஆர்வம் இருந்தால், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியலுக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. விசாரியுங்கள்.