வட்ஸ்அப், முகநூல் ஊடாக உங்கள் உற்பத்திகளைச் சந்தைப்படுத்துதல்

தாயகம் திரும்பி, வாழ்வாதார உதவியையோ சிறு சேமிப்பையோ முதலாகப் போட்டுச் சுயதொழில் தொடங்கியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கறித்தூள் இடிக்கிறீர்கள், ஒடியல் மா அரைக்கிறீர்கள், பனையோலைப் பெட்டி இழைக்கிறீர்கள், சட்டை தைக்கிறீர்கள். பொருள் தரமானதுதான். ஆனால் பல ஆண்டுகள் ஊரில் இல்லாததால் உங்களை அறிந்தவர்கள் குறைவு. கடை வாடகைக்கு எடுக்கக் கையில் காசும் போதாது. உங்களிடம் உள்ள கையடக்கத் தொலைபேசியைக் கொண்டு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்வது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சனம் கூடும் இடத்தில் கடை போடுங்கள்

தொழிலுக்கென ஓர் இணையத்தளம் அமைத்துத் தருவதாகக் கூறிச் சிலர் பெருந்தொகை கேட்பார்கள். ஆரம்பத்தில் அது தேவையில்லை. புதிய இணையத்தளம் ஆளில்லாத ஒழுங்கையில் போட்ட கடை போன்றது. அங்கே ஆட்களை அழைத்து வரவே தனிச் செலவு வேண்டும். உங்கள் அயலவரும், கொழும்பிலுள்ள உறவினரும், வெளிநாட்டில் இருப்பவர்களும் ஏற்கனவே நாள்தோறும் வட்ஸ்அப்பையும் முகநூலையும் பார்க்கிறார்கள். அங்கே இடம்பிடிக்கக் கட்டணம் இல்லை. நம்பிக்கையை மட்டும் நீங்கள்தான் உழைத்துத் தேடவேண்டும்.

1. முதலில் தொலைபேசி இலக்கத்தைச் சரிசெய்யுங்கள்

உங்கள் வட்ஸ்அப் கணக்கு இன்னும் இந்திய இலக்கத்திலேயே இயங்குகிறதா? அந்தச் சிம் அட்டை பாவனையில் இல்லாமற்போனால், அதே இலக்கம் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அவர் அதில் வட்ஸ்அப்பைத் தொடங்கினால் கணக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும். எனவே உங்கள் பெயரில் பெற்ற இலங்கைச் சிம் அட்டையைத் தொலைபேசியில் இட்டு, வட்ஸ்அப் அமைப்புகளில் ‘கணக்கு’ பகுதிக்குச் சென்று இலக்கத்தை மாற்றுங்கள். உங்கள் குழுக்கள் அப்படியே இருக்கும். புதிய இலக்கத்தைத் தொடர்பிலுள்ளவர்களுக்கு அறிவிக்கும் வசதியும் அங்கே உண்டு. முகநூலிலும் இந்திய இலக்கத்தை நீக்கிவிட்டு இலங்கை இலக்கத்தைச் சேருங்கள்.

2. வட்ஸ்அப் பிஸ்னஸ்

இது சிறு வியாபாரிகளுக்கான இலவசச் செயலி. ஒரே இலக்கத்தைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே பழைய உரையாடல்களைச் சேமித்துக்கொண்டு மாறுங்கள். தொழிலின் பெயர், ஊர், வேலை நேரம் ஆகியவற்றை நிரப்புங்கள். பொருட்பட்டியலில் ஒவ்வொரு பொருளின் படம், நிறை, விலை ஆகியவற்றை இடுங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலும் இதில் உண்டு. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். ஆகவே பொருள் வாங்கும் ஒவ்வொருவரிடமும், ‘எங்கட நம்பரைச் சேவ் பண்ணி வையுங்கோ’ என்று கேளுங்கள். அவர்களின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் வாடிக்கையாளர் தொலையமாட்டார்கள்.

3. முகநூல் பக்கம்

உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தொழிலுக்கெனத் தனிப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். பிள்ளைகளின் படங்களும் குடும்ப விடயங்களும் அதில் வேண்டாம். பொருளைக் காலை வெளிச்சத்தில், வெறுமையான பின்னணியில் வைத்துப் படமெடுங்கள். படத்தின் கீழ் விலையை எழுதுங்கள். ‘விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்’ என்று எழுதினால் பலர் கேட்காமலே போய்விடுவார்கள்.

தயாரிக்கும் முறையையும் காட்டுங்கள். மல்லி காய்வது, மிளகாய் வறுபடுவது, ஓலை வார்வது எல்லாம் நீங்களே செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளை ஊரிலுள்ள பெற்றோருக்காக ஓடர் கொடுப்பதற்கும் இது வழிவகுக்கும். காசு கட்டி விளம்பரம் செய்வதை, வரும் ஓடர்களை நேரத்துக்கு முடிக்கப் பழகிய பின்னர் யோசிக்கலாம்.

4. விலையும் அனுப்பும் செலவும்

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். ஒரு பொதி கறித்தூளுக்குச் சரக்கு 600 ரூபா, அரைகூலி 50, பொதியும் சுட்டுத்துண்டும் 30, உங்கள் உழைப்பு 120. மொத்தம் 800 ரூபா. அதை 900 ரூபாவுக்கு, ‘அனுப்பும் செலவு இலவசம்’ என்று விற்கிறீர்கள். கூரியருக்கு 400 ரூபா போனால் மிஞ்சுவது 500. பொதிக்கு 300 ரூபா நட்டம்! ஓடர் கூடக் கூட நட்டமும் கூடும். எனவே அனுப்பும் செலவைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மூன்று நான்கு பொதிகளைச் சேர்த்து வாங்கும்படி சொல்லுங்கள். முதலில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தில் விற்றுப் பழகுங்கள்.

உணவுப் பொருளாயின் சுட்டுத்துண்டில் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளர் விபரம் ஆகியன இருக்க வேண்டும். இதுபற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

5. ஏமாறாதிருக்க

• பணம் செலுத்திய பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். அது போலியாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கில் காசு வந்ததை உறுதிசெய்த பின்னரே அனுப்புங்கள்.
• தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள். வங்கியில் இருந்தோ வட்ஸ்அப் நிறுவனத்தில் இருந்தோ பேசுவதாகச் சொன்னாலும் கொடுக்க வேண்டாம்.
• உங்களுக்குக் காசு அனுப்புபவருக்கு உங்கள் வங்கி அட்டையின் பின் இலக்கம் தேவையில்லை. அதைக் கேட்பவர் ஏமாற்றுக்காரரே.
• வட்ஸ்அப்பில் இரு படிநிலைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள்.

குறை சொன்னால் கோபிக்க வேண்டாம்

பொருளில் குறை என்று ஒருவர் எழுதினால் அழிக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டு, மாற்றுப் பொருள் அல்லது காசைக் கொடுங்கள். நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதை மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக ஊர் திரும்பிய உங்களுக்கு அந்த நற்பெயரே பெரிய முதல்.

இந்த வாரப் பயிற்சி

1. வட்ஸ்அப், முகநூல் இரண்டிலும் உங்கள் இலக்கத்தைச் சரிபாருங்கள்.
2. ஒரேயொரு பொருளைத் தெரிவுசெய்து, அதன் முழுச் செலவையும் கொப்பியில் எழுதுங்கள்.
3. நல்ல படம் ஒன்றை விலையுடன் தெரிந்த பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.
4. யார் என்ன கேட்டார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்து எதைத் தயாரிப்பது என்பதை அக்குறிப்பே உங்களுக்குச் சொல்லும்.