நினைவில் எழுந்த தேசம்

ஒரு நாட்டு மக்களை ஒன்றாக்குவது எது? மதமா, மொழியா, எல்லையா? இவற்றோடு, சேர்ந்து சுமக்கும் நினைவும் வேண்டும் என்பதே என் கருத்து. இதற்குப் பங்களாதேஷ் நல்ல சான்று.

1948இல் டாக்காவில் பேசிய ஜின்னா, உருது மட்டுமே பாகிஸ்தானின் அரச மொழி என்றார். அந்நாட்டில் வங்காளம் பேசியோரே பெரும்பான்மையினர். 1952 பெப்ரவரி 21இல் தம் மொழிக்கும் அவ்வுரிமை கோரிய மாணவர்கள் மீது பொலிஸார் சுட்டனர், பலர் உயிரிழந்தனர். 1956இல் வங்காளமும் அரச மொழியாயிற்று. ஆயினும் மக்கள் மறக்கவில்லை. ஆண்டுதோறும் வெறுங்காலுடன் நடந்து, ஷஹீத் மினாரில் மலர் வைத்தனர். பெரும்பாலோர் ஒரே மார்க்கத்தவராயிருந்தும், தாம் வேறொரு தேசத்தார் என்ற உணர்வை அந்நினைவு வளர்த்தது. 1971இல் பாகிஸ்தான் இராணுவம் அந்த மினாரைத் தகர்த்தது. பிறந்த புதிய நாடு அதை மீண்டும் எழுப்பியது.

ஆனால், அந்நினைவுக்கு வெளியே நின்றோரும் உண்டு. அங்கு வாழ்ந்த உருது மொழியினர் பலர் நெடுங்காலம் முகாம்களில் கிடந்தனர். 2008இல்தான் நீதிமன்றம் அவர்களது பிரஜாவுரிமையை உறுதிசெய்தது.

நினைவு சேர்க்கும், விலக்கவும் செய்யும். சகோதரிகளே, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர் துயரும், நம் அயலவர் துயரும் ஒரே பாடநூலில் இடம்பெறும் நாளில்தான், நம் நாட்டின் நினைவு முழுமை பெறும் என்பேன்.