சீமை அத்திக்கு மதுரை வெயில் பகையா?

மதுரையை அடுத்த பரவைப் பக்கம் சீமை அத்தி நடப்போவதாக யாராவது சொன்னால் உடனே வரும் பதில்: "அது குளிர் தேசத்து மரம். நம்ம வெக்கைக்குத் தாங்காது."

இது சரியல்ல. சீமை அத்தியின் பிறப்பிடம் மேற்கு ஆசியா. நீண்ட, வறண்ட கோடை அதற்குப் பழகியது. வெயிலைவிட, பழம் கனியும் வேளையில் பெய்யும் மழைதான் அதைக் கெடுக்கும்.

இதற்குச் சான்று புனேவுக்கு அருகில் இருக்கிறது. 2016-இல் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி விளையும் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு காய்ப்புகள் உண்டு. மழைக்காலக் காய்ப்புக்கு அங்கே 'கட்டா' என்று பெயர், அதாவது புளிப்பு. கோடைக் காய்ப்பு 'மீட்டா', இனிப்பு. மரமும் மண்ணும் ரகமும் ஒன்றுதான். பருவம் மாறியதும் சுவை மாறுகிறது.

மதுரைச் சமவெளிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். இங்கே மழை அதிகம் பெய்வது அக்டோபர், நவம்பரில். அப்போது கனியும் பழம் நீர் கோத்து வெடிக்கும், புளித்தும் போகும். அத்தி புதுத் தளிரில் காய்ப்பதால் கவாத்து செய்து நாலைந்து மாதத்தில் பழம் வரும். புனேப் பக்கம் செய்வதுபோல் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்தால் மழையற்ற பிப்ரவரி, மார்ச்சில் பழம் கனியும். ஆனால் தளிர்விடும்போது இங்கே மழை இருக்கும். அதனால் இலையின் அடிப்பக்கம் துரு நோய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது.

அடுத்த நம்பிக்கை குளவி பற்றியது. குளவி உள்ளே போய்ச் செத்தால்தான் அத்தி பழுக்கும் என்பார்கள். நம் ஆற்றங்கரை நாட்டு அத்திக்கும், துருக்கியின் ஸ்மிர்னா ரகத்துக்கும் குளவி தேவைதான். 1880-களில் கலிபோர்னியாவில் நட்ட ஸ்மிர்னா மரங்கள் பிஞ்சுகளை உதிர்த்துக்கொண்டே இருந்தன. 1899-இல் அத்திக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கிய பிறகே அவை ஒழுங்காகக் காய்த்தன. புரந்தரில் விளையும் பூனா அத்தி, பிரவுன் டர்க்கி போன்ற ரகங்கள் குளவி இல்லாமலே பழுக்கும். ரகத்துக்குக் குளவி வேண்டுமா என்பதைத்தான் நடுபவர் நர்சரியில் முதலில் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் தேனாக இனித்த ரகம் இங்கும் இனிக்கும் என்று நம்பி வாங்குவதும் தவறு. பிரவுன் டர்க்கி கலிபோர்னியாவில் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். இங்கிலாந்தின் திறந்தவெளியில் பெரும்பாலும் ஒருமுறைதான் பழுக்கும், மிஞ்சிய காய்கள் குளிரில் கருகிவிடும். குளிர்காலமே இல்லாத பரவையில் அது எப்படிக் காய்க்கும் என்பதை அந்த இரண்டு இடங்களையும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ரகங்களை ஒரே மண்ணில் நட்டு, எந்த மாதம் கனிந்தது, எது வெடித்தது, எதில் துரு விழுந்தது என்று இரண்டு ஆண்டாவது நோட்டில் எழுதிவந்தால்தான் ரகத்தின் தரம் தெரியும். இங்கே கனிந்த பழத்தைக் கடையில் விற்கும் உலர் அத்தியோடு ஒப்பிட வேண்டாம். அது பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. பூனா அத்தி பச்சையாகவே விற்கப்படும் பழம்.

சுவை பார்க்க அவசரப்பட்டுப் பறித்துவிட்டு ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். காம்பு வளைந்து, பழம் மெத்தென்று தொங்கும்வரை காத்திருங்கள். முன்னதாகப் பறித்த அத்தி பிறகு இனிப்பேறாது.